ஆஸ்பத்திரியில்தான் வேலை

ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் யாரும் விவரம் கேட்பதில்லை. நேராகக் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லிவிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. "மாப்ளைக்கு ஆஸ்பத்திரியில வேலை" என்று தரகர் எடுத்துவிட்டார். பெண்ணின் அப்பாயி பஜ்ஜித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முட்டியைத் தட்டிக்காட்டி, "எந்திரிச்சா கடகடங்குது தம்பி, என்னான்னு பாரு" என்றார். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்: "தேய்மானம் பாட்டி. கிரீஸ் வத்திருக்கும்."

பிறகு திருச்சிக்குப் போய் எலும்பு டாக்டரிடம் காட்டியபோது, படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவரும் ஏறக்குறைய அதையே சொன்னாராம். கல்யாணம் முடிவானது அதனால்தான் என்று என் மனைவி இன்றைக்கும் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் பார்ப்பது சக்கரம். பெரம்பலூரில் துறையூர் சாலைப் பக்கம் பட்டறை. முதலில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ் எக்ஸ்எல் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து லோடு ஆட்டோவில் ஸ்ட்ரெச்சர் ஒன்றை ஏற்றி வந்து இறக்கினார்கள். ரோட்டில் போன ஆள் எல்லாம் பட்டறைக்குள் பேஷண்ட் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு முன் சக்கரம் சுற்றவில்லை. கழற்றி, சுத்தம் செய்து, பேரிங் மாற்றிக் கொடுத்தேன். வார்டு பாய்க்கு அன்று இரவு தோள் வலிக்கவில்லையாம். செய்தி பரவிவிட்டது. இப்போது பெரம்பலூரிலும் அரியலூரிலும் பல ஆஸ்பத்திரிகளில் என்னை 'வீல்காரர்' என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் டோக்கன் போடச் சொல்கிறார்கள்.

சக்கரம் எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் புதிதல்ல. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். காரர்கள் டயரே செய்கிறார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் விடிய விடிய உருளுகின்றன. பெரம்பலூருக்கு ரயில் மட்டும் வரவில்லை. மாவட்டத் தலைநகராகி முப்பது வருஷமாயிற்று, இன்னும் தண்டவாளம் பார்க்க அரியலூருக்குத்தான் போகவேண்டும். அரியலூரோ எங்களோடு ஒட்டியிருந்து, 2001ல் பிரிந்து, 2002ல் திரும்பச் சேர்ந்து, 2007ல் மறுபடி பிரிந்த மாவட்டம். தனிக்குடித்தனம் இப்படி இரண்டு முறை போனதில் அலுவலகப் பீரோவும் மேஜையும் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும்! அவற்றுக்கெல்லாம் அடியில் சக்கரம் இருந்திருந்தால் நான் மச்சு வீடு கட்டியிருப்பேன். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். அதில் அரியலூரும் ஒன்று. எல்லாரும் எத்தனை டாக்டர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நான் எத்தனை கட்டில் என்று போட்டேன். கட்டில் ஒன்றுக்கு நாலு.

சாதாரணமாக ஆஸ்பத்திரிக்குள் போகிறவர் கண்ணில் சக்கரம் படாது. நூறு படுக்கை என்றால் கட்டிலுக்கு மட்டும் நானூறு. டிரிப்ஸ் ஸ்டாண்டுக்குப் பெரும்பாலும் ஐந்து கால், எனவே ஐந்து. மருந்து ட்ராலி, டிரெஸ்ஸிங் ட்ராலி, சாப்பாட்டு வண்டி, அழுக்குத்துணி வண்டி, நகரும் எக்ஸ்ரே, வெண்டிலேட்டர், மயக்க மருந்து மெஷின், குழந்தைத் தொட்டில், டாக்டர் உட்காரும் முக்காலி, குப்பைத் தொட்டி வரைக்கும் உருளுகிறது. பல லட்சம் ரூபாய் மெஷினுக்கு விழா எடுத்து ரிப்பன் வெட்டுவார்கள். அது ஐ.சி.யூ.வுக்குள் போய்ச் சேருமா, வாசல்படியில் நின்றுகொள்ளுமா என்று தீர்மானிப்பது அடியில் இருக்கும் நாலு உருளை. அதற்கு யாரும் மாலை போட்டதில்லை.

மாலை போடாவிட்டால் போகட்டும், அது யாருடையது என்பதாவது முடிவாக வேண்டாமா? ஒரு இடத்தில் வெண்டிலேட்டர் சக்கரம் ஒன்று உடைந்து தொங்கியது. பயோமெடிக்கல் தம்பியைக் கேட்டேன். "அண்ணே, காற்று கரெக்டா போகுது. மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. வீல் ஃபர்னிச்சர் கணக்கு" என்றார். ஃபர்னிச்சர் பார்க்கும் ஆள், "கட்டிலும் பீரோவும்தான் நம்மளது. இது எக்விப்மென்ட்" என்றார். தினமும் அந்தத் தரையைத் துடைக்கும் ஆயாம்மாவிடம் போனேன். "தரை என் பொறுப்பு சாமி. தரைக்கு மேல ஒரு இஞ்சு ஏறிட்டாலும் எனக்குத் தெரியாது" என்றார். கம்பெனிக்காரரை போனில் பிடித்தோம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் தேய்ந்துபோகும் பொருள்கள் சேராது என்றார். உலகத்தில் தேயாத சக்கரம் இருந்தால் காட்டுங்கள், நான் தொழிலை விட்டுவிடுகிறேன். ஆக, மெஷினுக்கும் தரைக்கும் நடுவில் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு புறம்போக்கு இருக்கிறது. பட்டா இல்லாத அந்த நிலத்தில்தான் நான் குடியிருக்கிறேன்.

இனி தொழில் ரகசியம். ஆஸ்பத்திரிச் சக்கரம் கெடுவது பெரும்பாலும் தேய்ந்து அல்ல, முடி சுற்றித்தான். தரையில் உதிர்ந்த தலைமுடி முழுவதும் கடைசியில் சக்கரத்தின் அச்சுக்குத்தான் வந்து சேரும். ஆக்சில் போல்ட்டைக் கழற்றி ஃபோர்க்கிலிருந்து சக்கரத்தை உருவினால் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு வளையல் உட்கார்ந்திருக்கும். கத்தியால் குறுக்கே ஒரு கீறு கீறிப் பிரிக்கவேண்டும்.

எங்கள் சீமை பூமிக்கடியில் புதைந்ததைப் படிப்பதற்குப் பேர்போனது. பெரம்பலூர் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. வயசு சுமார் 12 கோடி வருஷம். புவியியல் துறை எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் அதை உலகத்துக்குச் சொன்னார். ஒரு காலத்தில் இங்கெல்லாம் கடல். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் நத்தையும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கின்றன. வாரணவாசியில் அதற்கென்று அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். பாறை அடுக்கைப் பார்த்து எந்தக் காலத்துக் கடல் என்று அவர்கள் சொல்கிறார்கள். சக்கரத்தைப் பார்த்து எந்த வார்டு என்று நான் சொல்வேன். மேலடுக்கில் பிளாஸ்டரும் காஸ் துணியும் இருந்தால் ஆபரேஷன் முடிந்தவர்கள் வார்டு. வாழைநாரும் காய்ந்த கனகாம்பரமும் சுற்றியிருந்தால் பிரசவ வார்டு. பார்க்க வருகிறவர்கள் தலை நிறையப் பூவோடு வருவார்கள். அதற்கும் கீழே சேலை ஓரத்து ஜரிகை நூல், கோயில் காப்புக் கயிறு, மாஸ்க் எலாஸ்டிக். எலாஸ்டிக் அடுக்கு கனமாக இருந்தால் 2020, 2021 என்று கண்ணை மூடிக்கொண்டு காலம் குறிக்கலாம். அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்தை யாரும் தொடவில்லை என்றும் அர்த்தம். ஒருமுறை வெள்ளி மெட்டி ஒன்று கிடைத்தது. நர்ஸ் மேஜையில் கொடுத்தேன். மாதக்கணக்கில் ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தும் கேட்டு யாரும் வரவில்லை.

சிரிக்க மட்டும் சொல்லவில்லை. அந்த முடிக்கட்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரத்தம், சீழ், கொட்டிய கஞ்சி எல்லாம் அதில் ஊறும். தரையைத் தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம்; அந்தத் தரைமேலேயே இதை வார்டு வார்டாக உருட்டிக்கொண்டும் போகிறோம். மேஜையையும் கட்டில் கம்பியையும் மருந்து போட்டுத் துடைக்கிற ஆஸ்பத்திரிகள் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதே இல்லை. குனிந்தால்தானே தெரியும்! மாசத்துக்கு ஒருமுறை ஒரு கத்தியும் பழைய பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு ஒரு ஆள் குனிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நூல் உள்ளே போகாதபடி இரண்டு பக்கமும் சிறு மூடி வைத்த சக்கரங்களும் கிடைக்கின்றன. வாங்கித்தான் போடமாட்டார்கள்.

சக்கரம் கிறீச்சிட்டால் நம் ஆட்களுக்கு முதலில் கை போவது தேங்காயெண்ணெய்ப் பாட்டிலுக்கு. நோயாளியின் தலைமாட்டில் எப்படியும் ஒன்று இருக்கும். ஊற்றியதும் சத்தம் நிற்கும். அந்த மகிழ்ச்சி ரெண்டு நாள்தான். அப்புறம் எண்ணெயில் தூசி ஒட்டும். அரியலூர் ரோட்டுத் தூசி என்ன தூசி என்று சொல்லவேண்டியதில்லை. எண்ணெயும் தூசியும் முடியும் சேர்ந்து அரைத்து, சிமென்ட் கம்பெனியில்கூடக் கிடைக்காத ஒரு பூச்சு உருவாகும். சுத்தியலால் அடித்துத்தான் எடுக்கவேண்டும். சுத்தம் செய்து, கிரீஸை ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ஒரே ஒரு இடத்தில் அதையும் ரொம்ப ஜாக்கிரதையாகச் செய்யவேண்டும்: ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி. உள்ளே 150 கிலோ அழுத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். வால்வில் எண்ணெய்ப் பசை பட்டால் திடீரென்று தீப்பிடிக்கும். சிலிண்டரை இறக்கி வண்டியைத் தனியாக வெளியே தள்ளிக்கொண்டு வந்துதான் நான் கையே வைப்பேன். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சிலிண்டர் பக்கம் போவதில்லை. இதை ஒரு கம்பவுண்டரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே தலையில் தடவிய எண்ணெயை உள்ளங்கையில் துடைத்துவிட்டு வால்வைத் திறக்கப் போனார். ஓடியேவிட்டேன்.

ப்ளீச்சிங் தண்ணீர் இன்னொரு எதிரி. கிருமி செத்துவிடும், கூடவே பேரிங்கும். சுத்தம் அதிகமான ஆஸ்பத்திரியில் துரு அதிகம். சுத்தமில்லாத ஆஸ்பத்திரியில் முடி அதிகம். எனக்கு இரண்டு பக்கமும் வருமானம்.

ஸ்ட்ரெச்சர் ஏன் தள்ளுகிற பக்கம் போகாமல் சுவர்ப் பக்கம் போகிறது என்று பலரும் கேட்பார்கள். சக்கரத்தின் அச்சு, மேலே திரும்புகிற ஆணிக்கு நேர் கீழே இருக்காது; கொஞ்சம் தள்ளி இருக்கும். அதனால்தான் தள்ளினால் ஆணி முன்னே போகச் சக்கரம் அதன் பின்னாலேயே வருகிறது. திரும்ப இழுத்தால் நாலும் அரைவட்டம் அடித்து எதிர்ப்பக்கம் வரவேண்டும். அந்த ஒரு நொடியில்தான் ஸ்ட்ரெச்சர் இடுப்பை வெட்டும். சொந்தக்காரர் கால்விரல் மாட்டும். திரும்பும் இடத்துப் பேரிங் தளர்ந்துவிட்டால் சக்கரம் ஓட ஓடத் தலையை ஆட்டும். தவிர, தரை எங்கேயும் சமம் இல்லை. மூன்று சக்கரம் எப்போதும் தரையைத் தொடும், நாலாவது அதன் சவுகரியம்போல. வார்டு பாய்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவர்களிடம் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சருக்கும் ஜாதகம் இருக்கிறது. "இவ இடது பக்கம் இழுப்பா", "அவனைப் பின்னாலேந்து தள்ளாத, பக்கவாட்டுல போ", "நொண்டியை லிஃப்ட்டுக்குள்ள விடாத, வெளிய வரமாட்டான்." புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் வாரப் பயிற்சியே இதுதான். எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சுவரைப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு கடைசிவரை போகும். பெயிண்டர் போட்ட பார்டர் இல்லை அது.

ஒரு இடத்தில் எல்லா ஸ்ட்ரெச்சரும் இப்படி ஜாதகத்தோடு ஓடிக்கொண்டிருக்க, ஸ்டோர் ரூமில் மட்டும் ஒன்று பாலித்தீன் உறை பிரிக்காமல் நின்றது. தரம் பார்க்க ஆள் வரும் நாளில் அது வாசலுக்கு வரும். அவர்கள் கார் கிளம்பியதும் உள்ளே போய்விடும். நோயாளி ஒருவர்கூடப் படுத்ததில்லை. அவசரம் என்று ஒருநாள் எடுத்துவந்தால், சக்கரத்தைச் சுற்றியிருந்த பாலியூரித்தேன் துண்டு துண்டாக உதிர்ந்து தரையெல்லாம் மஞ்சளாகக் கொட்டியது. சில வகைப் பாலியூரித்தேன் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஓடாமலே பொடிந்துவிடும். ரப்பரும் சும்மா நின்றால் ஒரே பக்கம் தட்டையாகும். உருளுவதற்கென்றே செய்த பொருளைப் பூட்டிவைத்து அழகு பார்த்தால் வேறென்ன செய்யும்? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஸ்ட்ரெச்சர் கம்பெனியைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் கம்பெனிமேல் கோபம் வரவில்லை.

பிரேக் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. கல்லங்குறிச்சித் தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுகிற ஆளுக்குத் தனி மரியாதை உண்டு. கட்டிலில் பிரேக் போடுவது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. போட்டாலும் ரெண்டு சக்கரத்தில்தான் பிரேக் இருக்கும். அதில் ஒன்று வெறும் அலங்காரம். எனவே அரைச் செங்கல். நான் போகிற ஆஸ்பத்திரி எதுவானாலும் கட்டிலுக்கடியில் அரைச் செங்கல் ஒன்றாவது பார்க்காமல் வந்ததில்லை. ஒரு நர்சிங் ஹோமில் கட்டிலின் கால்பக்கச் சக்கரம் ரெண்டும் போய்விட்டன. ஆயாம்மா காலுக்கு ரெண்டு முழுச் செங்கலை அடுக்கி நிறுத்திவிட்டார். வெளியூரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கால் வீக்கத்துக்குக் கால்பக்கம் உயர்த்தி வெச்சிருக்கீங்களே, வெரி குட்! யார் சொன்னது?" என்றார். சிஸ்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆயாம்மா முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றார். அந்தக் கட்டிலுக்குச் சக்கரம் போட என்னை இன்றுவரை கூப்பிடவில்லை. வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக ஆயுதபூஜைக் கதை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின், ஸ்கேன், ஸ்டெரிலைசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பட்டறைப் பையை ஓரமாக வைத்தால் எனக்கும் ஒரு பொட்டு விழும். ஒரு நர்சிங் ஹோமில் ஆம்புலன்ஸுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். "வண்டிக்கு மட்டும்தானா? எங்க வண்டிக்கு இல்லையா?" என்று வார்டு பாய் கேட்டுவிட்டான். நியாயம்தானே! ஸ்ட்ரெச்சரின் முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்தார்கள். எம்.டி. அம்மாவே கற்பூரம் காட்டி, "ம், எடு" என்றார்.

தள்ளினான். பழம் நசுங்கவில்லை. உருண்டது. இன்னும் அழுத்தித் தள்ளினான். பழங்கள் ரெண்டும் சக்கரத்துக்கு முன்னால் ஜோடியாக வராந்தாவில் போக, ஸ்ட்ரெச்சர் அவற்றைத் துரத்த, பின்னால் நாங்கள் எல்லாரும். மருந்துக்கடை தாண்டி, லேப் தாண்டி, ஆபரேஷன் தியேட்டர் கதவில் போய் முட்டி நின்றன. தோல்கூடக் கீறவில்லை. எம்.டி. அம்மா முகம் கறுத்துவிட்டது. "இது நல்லதுக்கில்லையே" என்றார்.

"சகுனம் எல்லாம் இல்லம்மா. சக்கரம் நாலு இஞ்சு. ரெண்டு இஞ்சு ஆரத்துக்கு அது எப்படி எலுமிச்சம்பழத்து மேல ஏறும்? எட்டு இஞ்சு போட்டா ஏறும். வாசல்படிக் கட்டையிலயும் இடிக்காது, பேஷண்ட்டுக்கும் குலுங்காது" என்றேன். இதையேதான் தையல் போட்ட வயிற்றோடு ஆட்கள் அந்தக் கட்டையில் குலுங்கி 'அம்மா' என்று கத்தும்போதெல்லாம் சொல்லிவந்தேன். எழுதியும் கொடுத்திருக்கிறேன். பட்ஜெட் இல்லை என்பார்கள்.

இந்தமுறை அம்மா கணக்கரைக் கூப்பிட்டார். "நாளைக்கே திருச்சிக்கு ஆள் அனுப்பு. எல்லா ஸ்ட்ரெச்சருக்கும் எட்டு இஞ்சு."

கணக்கர் படிவத்தை என்னிடம் நீட்டினார். பொருள், அளவு, எண்ணிக்கை எல்லாம் நிரப்பினேன். 'கோரிக்கைக்கான காரணம்' என்ற கட்டத்தில் வழக்கமாக எழுதுகிற நோயாளி பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, ஊழியர் முதுகுவலி எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். கணக்கர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "இதெல்லாம் எழுதினா திருப்பி அனுப்பிருவாங்கண்ணே" என்று சொல்லி, அழகான கையெழுத்தில் அவரே எழுதினார்: 'எலுமிச்சை நசுங்கவில்லை.'

அன்று சாயங்காலமே கையெழுத்தாகிவிட்டது.